கஞ்சி போட்ட தமிழ்

ஒரு மனிதரின் வலது காலை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியை அவரிடம் சொல்ல வேண்டிய ஆள் நானாக இருந்தேன். அவர் கடலுக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். நான் இணுவிலில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில், நெல்லு மூட்டைக்கும் பழைய தையல் மெசினுக்கும் நடுவே கதிரை போட்டு இருந்தேன். நான் சொன்னேன். அவர் "ஓம்" என்றார். அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளை அடையாளம் பிடிக்க முடியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் என் வேலையில் ஒரு பகுதி.

வேலையின் பெயர் உரைபெயர்ப்பு. எங்கள் சனம் போய் இறங்காத நாடு இல்லை. போன இடத்துப் பாஷை கடைசிவரை பிடிபடாதவர்களும் அவர்களில் நிறையப் பேர். அப்படி ஒருவர் டொக்டரிடம் போனால், டொக்டர் ஓர் இலக்கத்தை அழுத்துவார், அழைப்பு என் காதில் வந்து விழும். டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். நோயாளி தமிழில் ஒரு வசனம் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் என்னவெல்லாம் வருகிறது! ஒரே நாளில் நான் இருதய நிபுணராக இருந்திருக்கிறேன், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்திருக்கிறேன், பல்லுக்கொதியில் துடிக்கும் லொறிச் சாரதியாகவும் இருந்திருக்கிறேன். வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஹெட்போனை மாட்டும்போது அடுத்து ஆராகப் போகிறேன் என்று ஆவலாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன் சுன்னாகத்தில் ஒரு ரியூசன் நிலையத்தில் பேச்சு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை, நேர்முகம், குரல் பரிசோதனை எல்லாம் கணினித் திரையிலேயே நடந்து, தெரிவு செய்யப்பட்டுவிட்டேன் என்ற மின்னஞ்சல் வந்த அன்று, நான் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா மட்டும் அசையவில்லை.

"வீட்டிலை இருந்து போனிலை கதைக்கிறதும் ஒரு வேலையோ? நீ சின்னனிலை இருந்து சும்மா செய்யிறதுதானே" என்றார்.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பெயர் எடுத்த வாயாடி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் குடும்பக் கதையை மருதனார்மடம் வருவதற்குள் கறந்துவிடுவேன். எனக்குக் கிடைத்ததோ சொந்த வாயே இல்லாத வேலை. பயிற்சியில் முதல் நாள் தந்த விதிகள் அப்படி. ஒன்றும் கூட்டக் கூடாது, ஒன்றும் குறைக்கக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது, "ஐயோ பாவம்" என்று பெருமூச்சுக் கூட விடக் கூடாது. நோயாளி "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு நோகுதாம்" என்று சொன்னால் புள்ளி போய்விடும். உரைபெயர்ப்பாளராக ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், தன்னையே மூன்றாம் ஆளாக்கி, "உரைபெயர்ப்பாளர் ஒன்று கேட்க விரும்புகிறார்" என்று கேட்க வேண்டும். கடைசியாக, நோயாளி எந்தத் தமிழில் பேசுகிறாரோ அந்தத் தமிழில் பேசுங்கள் என்றும் ஒரு விதி இருந்தது. அந்த ஒன்றை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

அந்த "நான்" என்ற சொல் முதல் வாரமே வீட்டைக் கலக்கியது. அப்போது நான் விறாந்தையில் இருந்து வேலை செய்தேன். ஒரு வயதுபோன அம்மா தனக்கு நாலு நாளாய் வெளிக்குப் போகவில்லை என்று டொக்டருக்குச் சொன்னா. நான் அதை வடிவான ஆங்கிலத்தில், தெளிவான குரலில், "எனக்கு நாலு நாளாக" என்று சொன்னேன். அப்பா தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய ஆங்கிலம் என்னுடையதை விடத் திறம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் மெல்லக் குசினிப் பக்கம் போனது எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் அம்மா ஒரு கோப்பை நிறையப் பப்பாப்பழம் வெட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, வாயைத் திறக்காமல் என் வயிற்றைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் இன்னொருவர், "முப்பது வருசமாக் குடிக்கிறன், இப்ப நாளுக்கு அரைப் போத்தில்தான்" என்றார். நான் அதையும் "நான்" என்று சொன்னபோது அப்பாவின் கையில் இருந்த பேப்பர் நிலத்தில் கிடந்தது.

விளங்கப்படுத்திய பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்குச் சுரீர் என்றது. யாரோ ஒருவர் கதவைப் பூட்டிவிட்டு டொக்டருக்கு மட்டும் சொன்னதை என் வீட்டில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அன்றைக்கே சாமான் அறையை ஒதுக்கினேன். கதவில் பழைய மெத்தை ஒன்றை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். விசிறி இரைகிறது என்று அதையும் நிற்பாட்டினேன். உள்ளே இருந்தால் வேர்த்து ஒழுகும், ஆனாலும் நான் சுருக்கமில்லாமல் அயன் பண்ணிய சுடிதாரைப் போட்டு, கைக்கடிகாரம் கட்டி, தலையை இழுத்து வாரித்தான் உள்ளே போவேன். "ஆருக்குக் காட்ட?" என்று அம்மா கேட்பார். எனக்குத் தெரிந்த புரொஃபெஷனல் அதுதான்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில். மாணவத் தலைவிகளுக்குச் சின்னம் குத்திய அன்று அதிபர் அதைச் சொல்லி, கையோடு விளக்கமும் தந்தார். கஞ்சி போட்டு அயன் பண்ணிய வெள்ளைச் சீருடை, முதுகு வளையாமல் போடும் கும்பிடு, வெளியாட்கள் ஏதாவது கேட்டால் "தெரியாது" என்று சொல்லாத வாய். மூன்றிலும் நான்தான் முதல். பேச்சுப் போட்டிக்கு என்னைப் பழக்கிய ரீச்சர், நான் "எண்டு" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மேசையில் அடிமட்டத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். "என்று" என்று வரும்வரைக்கும் தட்டுவார். மேடையில் ஏறிய பிறகு என் வாயில் வீட்டுச் சொல் ஒன்றும் வராது. கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் படம் இன்னும் முன் அறையில் தொங்குகிறது.

வகுப்பிலும் அப்படித்தான். பாடம் முடிந்ததும் "விளங்கினதோ பிள்ளையள்?" என்று கேட்பார்கள். கேள்வி முடிய முதலே நாற்பது பேரும் "ஓம் ரீச்சர்" என்போம். அந்த ஓமுக்கு ஒரு தனி ராகம் உண்டு, கடைசியில் கொஞ்சம் இழுபடும். அதைத் தொடக்கி வைக்கிறவள் நான். ஒருமுறை பின் வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி "எனக்கு விளங்கேல்லை" என்று எழும்பி நின்றாள். நாங்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவள் பிறகு எழும்பவேயில்லை. எனக்கும் அன்று அந்தக் கணக்கு விளங்கவில்லை. நான் அழகாக ஓம் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அங்கே எல்லாம் பிடித்திருந்தது, கஞ்சியும் பிடித்திருந்தது. அதுதான் வில்லங்கம்.

அந்த அழைப்பு நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம் வந்தது. எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை. டொக்டர் ஒரு பெண், ஆறுதலான குரல். நோயாளி ஆண், கட்டிலில் இருக்கிறார், போன் மேசையில் கிடக்கிறது என்று சொன்னார். படம் இல்லை, வெறும் குரல் மட்டும். சலரோகம் என்கிற சீனி வருத்தம், வலது காலில் புண், இரண்டு கிழமையாக ஆஸ்பத்திரியில்.

"வணக்கம் ஐயா" என்று தொடங்கினேன். "நான் உரைபெயர்ப்பாளர். இங்கு பேசப்படும் அனைத்தையும் மொழிபெயர்ப்பேன். அனைத்தும் இரகசியமாகப் பேணப்படும்."

"ஓம், ஓம், சொல்லுங்கோ பிள்ளை" என்றார் அவர். குரலைக் கேட்டவுடனேயே எங்கள் வலிகாமப் பக்கத்து ஆள் என்று பிடித்துவிட்டேன். எங்கள் சந்தையில் வெங்காயத்துக்கு விலை கேட்கிற அதே குரல்! வாய் துருதுருத்தது. நீங்கள் எவடம் ஐயா என்று கேட்டிருப்பேன், விதி விடவில்லை. அந்த ஆர்வத்தையெல்லாம் தமிழில் காட்டினேன். அன்றைக்கு என் தமிழ் முன்னொருநாளும் இல்லாத மாதிரி மொடமொடப்பாக இருந்தது.

டொக்டர் சின்னச் சின்ன வசனமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"தொற்று ஆழமாகப் பரவியுள்ளது" என்றேன்.

"ஓம்."

"மருந்துகளால் மட்டும் அதனைக் கட்டுப்படுத்த இயலவில்லை."

"ஓம், ஓம்."

அடுத்து டொக்டர் சொன்ன ஆங்கில வசனத்தில் நாளைக்கு என்று இருந்தது, கால் என்று இருந்தது, எடுப்பது என்று இருந்தது. நான் அதை ஐந்து வினாடியில், ஒரு தடக்கும் இல்லாமல் தமிழாக்கினேன். எவ்வளவு கச்சிதம் என்று மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

"நாளை காலை அகற்ற விரும்புகிறோம்."

"ஓம்" என்றார் அவர்.

நான் ஆங்கிலத்தில் "யெஸ்" என்றேன். மயக்க மருந்தைப் பற்றி டொக்டர் சொன்னார், ஓம். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், ஓம். அதன் பின்னர் சிறிது காலம் நடப்பதற்கு உதவி தேவைப்படும், ஓம் ஓம். உங்களுக்குச் சம்மதமா, ஓம். ஒவ்வொன்றுக்கும் நான் யெஸ், யெஸ் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். டொக்டர் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. கையெழுத்து வாங்கப் போகிறார் என்று தெரிந்தது. ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"ஒண்டே ஒண்டு" என்றார் அவர். "வாற ஞாயிற்றுக்கிழமை மகள் புதுவீடு குடிபூருறா. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகலாமோ, இல்லாட்டிச் செருப்போடை போறதோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ பிள்ளை."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். 

டொக்டர் பக்கத்தில் நின்ற தாதியிடம் தணிந்த குரலில், "குழம்பியிருக்கிறாரா? இரத்தத்தில் சீனியை ஒருக்கால் பாருங்கள்" என்றார். அறைக்குள் கேட்கும் எதையும் சொல்லத்தான் வேண்டும். நான் சொல்லவில்லை, ஏனென்றால் என் தலைக்குள் அப்போது ஒரே ஒரு வசனம்தான் ஓடியது. நாளை காலை அகற்ற விரும்புகிறோம். நாளை காலை. நாளைக்கு விடிய!

எங்கள் ஊரில் விடியப்புறத்தை ஒருவரும் காலை என்று சொல்வதில்லை. காலமை என்போம். நான் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்திருந்தால், காலை என்ற சொல் அவருக்குக் காலாகத்தான் கேட்டிருக்கும், வேறொன்றாகவும் கேட்டிருக்காது. நானோ தொடக்கத்திலிருந்தே வானொலிச் செய்தி வாசிக்கிறவள் போலப் பேசினேன். அவரும் பாவம், செய்தி கேட்கிற மாதிரிக் கேட்டார். செய்தியில் வரும் நாளை காலை என்றால் நாளைக்குக் காலமை. காலமை எதையோ அகற்றுவார்கள், புண்ணிலுள்ள ஊனமும் சீழுமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சுகம் வந்துவிடும். அவர் குழம்பவில்லை. அந்த அறையில் மிகவும் தெளிவாக இருந்தவர் அவர்தான்.

அந்த ஓம்களும் அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டன. எங்களுடைய ஆட்கள் கதை கேட்கும்போது சொல்லும் ஓம் அது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதுதான் அர்த்தம். காலைத் தருகிறேன் என்று ஒரு மனிதர் அந்த ராகத்தில் சொல்லமாட்டார். அதை எட்டு முறையோ ஒன்பது முறையோ சம்மதமாக்கி நான் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு சுகமான வழி திறந்திருந்தது. டொக்டர் அவரைக் குழம்பிய ஆள் என்று நினைத்துவிட்டார். சீனியைப் பார்ப்பார்கள், இன்னொருமுறை விளங்கப்படுத்துவார்கள், அப்போது நான் ஒழுங்காகச் சொல்லலாம். என் பிழை ஒருவருக்கும் தெரியவராது. எனக்குள் இருந்த மாணவத் தலைவிக்கு அந்த வழி நன்றாகத் தெரியும், மூன்று வினாடி அதில் நடந்தும் பார்த்தாள். ஆனால் அவருடைய கோப்பில் புத்தி குழம்பியவர் என்று எழுதிவிடுவார்களே! தன் காலைப் பற்றி வாய் திறக்கும் உரிமையும் அதோடு போய்விடுமே! எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே, சரியான கோபம். 

"உரைபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்றேன் ஆங்கிலத்தில். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. "உரைபெயர்ப்பாளர் ஒரு பிழை விட்டிருக்கிறார். நோயாளி குழம்பவில்லை. காலை எடுப்பது என்ற விடயம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் இதுவரை சொன்ன யெஸ் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். இதை அவருக்கும் சொல்ல உரைபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார். பிறகு தயவுசெய்து முதலிலிருந்து சொல்லுங்கள்."

என் வாழ்க்கையில் "பிழை விட்டேன்" என்று நான் உரத்துச் சொன்ன முதல் தரம் அதுவாகத்தான் இருக்கும். வானம் இடிந்து விழவில்லை. டொக்டர் ஒரு மூச்சு எடுத்தார். "நன்றி" என்றார். "மிக்க நன்றி. சொல்லுங்கள்." கடதாசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

நான் தமிழுக்கு வந்தேன். இந்த முறை கஞ்சி இல்லை.

"ஐயா, இப்ப கதைக்கிறது உரைபெயர்ப்பாளர். நான் முதல் சொன்னதிலை பிழை இருக்கு. அது என்ரை பிழை, உங்கடை இல்லை. டொக்டர் திரும்பச் சொல்லுவா. விளங்காட்டி எந்த இடத்திலையும் என்னை மறியுங்கோ."

டொக்டர் சொன்னார். நான் அவருடைய "நான்" ஆகிச் சொன்னேன்.

"உங்கடை வலது காலை, முழங்காலுக்குக் கீழை, வெட்டி எடுக்கோணும் எண்டு சொல்லுறன். நாளைக்கு."

ஓம் வரவில்லை. எங்கேயோ ஒரு மெசின் கீச்சிடும் சத்தம் மட்டும் வந்தது.

"காலையோ?" என்றார். பிறகு, "என்ரை காலையோ?"

அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இல்லை" என்றார் அவர். "இல்லை. ஏலாது. விடமாட்டன்."

"நோ" என்று நான் கத்தாத குறை. அவருடைய இல்லை என் வாயால் போகும்போது எனக்கு என்ன சொல்லுவது, ஒரு சந்தோசம் வந்தது! அன்றைக்கு அவர் சொன்ன முதல் சொந்தச் சொல் அது. ஒரு மனிதர் தன் காலுக்காக அழும் இடத்தில் சந்தோசப்படுகிறாளே என்று நினைப்பீர்கள். கால் போவதற்கல்ல. அவர் அந்த அறைக்குள் வந்து சேர்ந்துவிட்டார் என்பதற்கு.

அதற்குப் பிறகு வந்தது போல ஒரு வேகம் என் வாய்க்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? கிருமி இரத்தத்தில் ஏறும், உயிருக்கு ஆபத்து. எத்தனை நாளுக்குள்? நாட்கணக்கு, கிழமைக்கணக்கு இல்லை. இரத்தக் குழாயைத் திறந்து பார்க்கேலாதோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்குச் செய்தவை? அதை ஏற்கனவே பார்த்தோம், உங்களுடைய குழாய்கள் அதற்குத் தாங்காது. பாதத்தோடை நிப்பாட்டேலாதோ? ஏலாது, அதற்கு மேலும் போய்விட்டது. டொக்டர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். நான் இரண்டு பேராகவும் மாறி மாறிப் பேசினேன், ஒருதரம் எந்தப் பாஷையில் இருக்கிறேன் என்றே மறந்து டொக்டருக்குத் தமிழில் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். பிழையை ஒத்துக்கொள்வது இரண்டாம் முறை எவ்வளவு லேசாக இருந்தது!

நடுவில் கதவு திறக்கும் சத்தம். அவருடைய மனைவி வந்துவிட்டா.

"என்னவாம்?" என்றா.

"காலை எடுக்கப் போகினமாம்" என்றார் அவர்.

"நேற்று நான் கேக்க ஒண்டுமில்லை எண்டியள்?"

"நேற்று எனக்குத் தெரியாது."

"டொக்டரம்மா, இவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். முப்பத்தெட்டு வருசமா எனக்கும் உதே ஓம்தான். இவரின்ரை ஓமை நம்பி ஒண்டும் செய்து போடாதேங்கோ!"

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டொக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு அந்த அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தா. சிரிப்பை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் கதைக்க வேண்டும் என்றார்கள். டொக்டர் வெளியே போய் வருவதாகச் சொல்லி, அழைப்பைத் துண்டிக்க வேண்டாம், ஆனால் சத்தத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார். கால் மணித்தியாலம் நான் ஒன்றும் கேட்காத ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே ஒழுங்கையில் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. அம்மா வழமைபோல மறித்து ஏதோ வாங்கும் சத்தம் மெத்தைக்கு அப்பால் மெல்லக் கேட்டது. எனக்குத் தேத்தண்ணி விடாய். எழும்பவில்லை. என்ன முடிவு வந்தாலும் அதை முதலில் சொல்லப் போகிறவள் நான், என் தொண்டையில் வேறொன்றும் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

சத்தம் திரும்பி வந்தது. டொக்டர், யோசித்தீர்களா என்று கேட்டார். நான் கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"எடுங்கோ" என்றார். "விளங்கித்தான் சொல்லுறன். எடுங்கோ."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விளங்கித்தான் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார், நானும் அழுத்தினேன்.

"ஆனா ஒண்டு" என்றார். "எடுக்கிறதுக்கு முதல் இவ அந்தக் காலை ஒருக்காக் கழுவி விடோணும். இவ்வளவு காலமும் என்னைச் சுமந்த கால். ஊத்தையோடை அனுப்பேலாது."

இந்த வேலையில் சொற்களுக்கு நடுவே இரண்டு வினாடிக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நான் ஐந்து வினாடி எடுத்தேன். பிறகு அவருடைய ஆளாக நின்று, என் மனைவி என் காலைக் கழுவ வேண்டும், இவ்வளவு காலமும் என்னைச் சுமந்த கால் என்று டொக்டருக்குச் சொன்னேன். என் குரல் உடையவில்லை. அதை உடைக்கும் உரிமை எனக்கு இல்லை.

டொக்டர் அந்தப் பக்கம் தாதியுடன் ஏதோ கதைத்தார். புண்ணில் தண்ணீர் படக் கூடாது, கட்டை விட்டு மற்ற இடத்தைக் கழுவலாம், தாதி பக்கத்தில் நின்று உதவுவா என்றார்.

"சுடுதண்ணி கொண்டுவரச் சொல்லுறன்" என்று நான் டொக்டராகச் சொன்னேன்.

அந்த அம்மா மூக்கைச் சீறினா. கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. அது கட்டிலின் கால்மாட்டுப் பக்கமாகப் போயிருக்க வேண்டும், குரல் தூரத்திலிருந்து வந்தது.

"கொண்டு வாங்கோ. நான் கழுவுறன்."

"நான் கழுவுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.